வில்லங்கத்தையும் படியுங்கள்

அமெரிக்க வரலாற்றை ஆய்வுக்கு எடுத்திருக்கும் மாணவர்களுக்கு,



அமெரிக்கக் குடியரசின் தொடக்க காலத்தைப் படிக்க வருகிற உங்களில் பெரும்பாலோர் நேராகப் போவது வாஷிங்டன், ஜெஃபர்சன், ஹாமில்டன் ஆகியோரின் கடிதங்களுக்குத்தான். அது இயல்பு. அவை அச்சாகி, அடைவு போடப்பட்டு, கணினியில் தேடினால் கிடைக்கும் நிலையில் இருக்கின்றன. ஆனால் அந்த நாடு மண்ணில் எப்படிக் காலூன்றியது என்று தெரிய வேண்டுமானால் வேறு ஓர் இடத்துக்கும் போக வேண்டும். காட்டை மொத்தமாக வாங்கி, கூறு போட்டு, தவணைக்கு விற்ற நில முதலீட்டாளர்களின் குடும்பத் தாள்கள்தான் அந்த இடம். அவற்றில் ஒரு குடும்பத்தின் தாள்களை எடுத்துக்கொண்டு, எப்படிப் படிக்க வேண்டும் என்று நான் நம்புகிறேனோ அதை இந்த மடலில் சொல்கிறேன்.

அந்தக் குடும்பத்தின் தலைவர் வில்லியம் கூப்பர். 1754இல் ஃபிலடெல்ஃபியாவை அடுத்த பைபரியில் எளிய குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். வண்டிச் சக்கரம் செய்வது அவர் கற்ற தொழில். 1774இல் எலிசபெத் ஃபெனிமோரை மணந்தார். மாமனார் வீடு வசதியானது. நியூ ஜெர்சியின் பர்லிங்டனில் கடை வைத்தார். மெல்ல நிலத்தின் பக்கம் திரும்பினார். 1786 ஜனவரியில், நியூயார்க்கில் ஆட்சேகோ ஏரியை ஒட்டிய பெரும் காட்டுப் பரப்பு ஒன்று கடனுக்காக ஷெரீஃப் ஏலத்துக்கு வந்தது. ஆண்ட்ரூ கிரெய்க் என்ற கூட்டாளியோடு சேர்ந்து கூப்பர் அதை எடுத்தார். அந்த ஆண்டு மே மாதம் விற்பனையைத் தொடங்கி, 16 நாளில் 40,000 ஏக்கரையும் விற்றுத் தீர்த்ததாக அவரே பின்னாளில் எழுதினார். ஏரியின் தென்முனையில் அவர் எழுப்பிய ஊர்தான் கூப்பர்ஸ்டவுன். 1791இல் ஆட்சேகோ தனி மாவட்டமானபோது அதன் முதல் நீதிபதி அவரே. இரு முறை நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1809 டிசம்பரில் ஆல்பனியில் இறந்தார். வளர்ந்து ஆளான அவருடைய மகன்களில் கடைசியவர்தான் நாவலாசிரியர் ஜேம்ஸ் ஃபெனிமோர் கூப்பர்.

கூப்பரின் தாள்கள் இன்று நியூயார்க் மாநிலத்தின் ஒனியான்டா நகரிலுள்ள ஹார்ட்விக் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைப் பிற சான்றுகளோடு சேர்த்துப் படித்து ஆலன் டெய்லர் எழுதிய ‘வில்லியம் கூப்பர்ஸ் டவுன்’ என்ற நூல் 1995இல் வெளிவந்து, அடுத்த ஆண்டே வரலாற்றுக்கான புலிட்சர் பரிசைப் பெற்றது. உங்களில் யாரும் இதுவரை அதைப் படிக்கவில்லை என்றால் முதலில் அதைப் படியுங்கள்.

தாள்களைப் பிரிக்கும் முன் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இவற்றை யார், எதற்காகப் பத்திரப்படுத்தினார்கள்? நில வியாபாரியின் வீட்டில் ஒரு தாள் தப்பிப் பிழைப்பது பெரும்பாலும் பாசத்தால் அல்ல. நாளைக்கு வழக்கு வந்தால் காட்ட வேண்டும், தவணை தவறினால் வசூலிக்க வேண்டும், வாரிசுகளுக்குள் பாகம் பிரிக்கும்போது கணக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே கிரயப் பத்திரமும் அடமானப் பத்திரமும் பேரேடும் ரசீதும் பூட்டி வைக்கப்பட்டன. வசூலுக்கு உதவாதது அடுப்புக்குப் போயிருக்கலாம்; எலி தின்றிருக்கலாம்; எழுதப்படாமலே போயிருக்கலாம். எனவே ஒரு பெட்டியில் என்ன இருக்கிறது என்பதோடு, அது ஏன் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அதன் அளவு பிடிபடும்.

அக்காலத்துக் கடிதம் ஒன்றைக் கையில் எடுத்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தனி உறை கிடையாது. கந்தல் துணியிலிருந்து செய்த தடித்த தாளையே மடித்து, வெளிமடிப்பில் முகவரி எழுதி, அரக்கால் ஒட்டியிருப்பார்கள். பிரித்த வேகத்தில் அரக்கோடு சேர்ந்து தாளும் கிழிந்து ஓரத்தில் ஒரு துளை இருக்கும். ஒரு சொல்லோ இரண்டு சொல்லோ அதோடு போயிருக்கும். மை கறுப்பிலிருந்து பழுப்புக்கு மாறியிருக்கும். தாளைத் திருப்பிப் பாருங்கள். முதுகில் வேறொரு கையெழுத்தில் அனுப்பியவர் பெயரும் தேதியும் ஒரு வரியில் குறிக்கப்பட்டிருக்கும். அது பெற்றவர் இட்ட குறிப்பு. கடிதத்தை மடித்துக் கட்டில் செருகும்போது, தேவைப்பட்டால் எடுப்பதற்காக எழுதியது. உள்ளே ஒருவர் தம் குடும்பக் கஷ்டத்தை உருகி எழுதியிருப்பார். வெளியே அவர் ஒரு பெயர், ஒரு தேதி, சில வேளை ஒரு தொகை. ஒரே தாளின் இரு பக்கமும் சேர்ந்ததுதான் நில வியாபாரத்தின் வரலாறு. படியெடுக்கும்போது முதுகை விட்டுவிடாதீர்கள்.

கூப்பர் நிலத்தைக் குத்தகைக்கு விடவில்லை. முழு உரிமையோடு கிரயம் செய்தார். கையில் காசில்லாமல் நியூ இங்கிலாந்திலிருந்து வந்த குடும்பங்களுக்கு இது பெரிய ஈர்ப்பு. ஆனால் கிரயம் ஆன கையோடு அதே நிலம் அவரிடமே அடமானமாயிற்று. பல ஆண்டுத் தவணை, ஆண்டுதோறும் வட்டி, நியூயார்க் சட்டம் அனுமதித்த வட்டி 7 விழுக்காடு. உழவர் மரத்தை வெட்டி எரித்தார். சாம்பலைத் தொட்டியில் இட்டு நீர் ஊற்றி வடித்து, காரநீரைக் கொப்பரையில் காய்ச்சினால் பொட்டாஷ் கிடைக்கும். கண்ணாடி, சோப்பு, துணி வெளுப்பு ஆகிய தொழில்களுக்கு அது தேவைப்பட்டதால் கடல் கடந்து விலை போயிற்று. முதல் அறுவடைக்கு முன்பே கைக்கு வரக்கூடிய முக்கிய வருமானம் இது. கூப்பர் கடை திறந்து, கடனுக்குப் பொருள் கொடுத்து, சாம்பலையும் மேப்பிள் சர்க்கரையையும் வரவு வைத்துக்கொண்டார். ஒரு பேரேட்டின் பக்கத்தில் இன்னாருக்கு இத்தனை புஷல் சாம்பல் வரவு என்று இருந்தால், அதன் பின்னால் வெட்டப்பட்ட மரங்களையும் இரவும் பகலும் கொப்பரைக்கு விறகிட்ட வீட்டாரையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

கூப்பர் தம் அனுபவத்தை ‘எ கைட் இன் த வில்டர்னஸ்’ என்ற சிறு நூலாக எழுதினார். அயர்லாந்திலிருந்து நாடு கடத்தப்பட்டு நியூயார்க்கில் குடியேறிய வழக்கறிஞர் வில்லியம் சாம்ப்சனுக்கு எழுதிய மடல்களாக அது அமைந்தது. கூப்பர் இறந்த மறு ஆண்டு, 1810இல், டப்ளினில் அச்சாயிற்று. 1789ஆம் ஆண்டுப் பஞ்சத்தைப் பற்றி அதில் சொல்கிறார்: ஊரில் தானியம் தீர்ந்தது, மாநிலச் சட்டமன்றம் மக்காச்சோளம் கொடுத்து உதவியது, சஸ்குவஹானா ஆற்றில் ஹெர்ரிங் மீன் கூட்டம் கூட்டமாக ஏறி வந்தது, சிறு கிளைகளைப் பின்னி வலையாக்கி மீன் பிடித்தார்கள், அதைப் பதப்படுத்த வீட்டுக்கு வீடு உப்புக் கொடுத்தார். இது பொய்யில்லை, அந்த மனிதரிடம் பரிவு இருந்தது. ஆனால் அந்த நூல் தம் வெற்றியைப் பிறருக்குச் சொல்ல எழுதியது. பேரேடு தமக்கு வர வேண்டியதைத் தெரிந்துகொள்ள எழுதியது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கிறவருக்கே பரிவும் பற்றுச்சீட்டும் ஒரே கையில் எப்படி இருந்தன என்பது புரியும். உப்புக் கொடுத்தவரிடம்தான் அந்த வீடுகள் கடன்பட்டிருந்தன. அவரே மாவட்ட நீதிபதி. 1792இல் ஜான் ஜேயும் ஜார்ஜ் கிளின்டனும் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டபோது, கூப்பர் தமக்குக் கட்டுப்பட்டவர்களை நெருக்கி ஜேக்கு வாக்களிக்கச் செய்தார் என்ற குற்றச்சாட்டு சட்டமன்றம்வரை போயிற்று. ஆட்சேகோவின் வாக்குச்சீட்டுகளே வேறொரு சட்டக் காரணத்தால் எண்ணப்படாமல் தள்ளப்பட்டு, ஜே தோற்றார். கடன் பத்திரத்தையும் வாக்குச்சீட்டையும் தனித்தனி இயல்களில் எழுதும் பழக்கம் நமக்கு உண்டு. ஆட்சேகோவில் அவை ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

கூப்பரும் கடன்பட்டவர்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். அவருக்கு மேலே ஃபிலடெல்ஃபியா வணிகர்கள் இருந்தார்கள். அவர்களில் ஹென்றி ட்ரிங்கர் முக்கியமானவர், குவேக்கர். அடிமைகளின் உழைப்பில் விளைந்த கரும்புச் சர்க்கரைக்கு மாற்றாக மேப்பிள் சர்க்கரையைப் பெருக்க வேண்டும் என்று ட்ரிங்கரும் மருத்துவர் பெஞ்சமின் ரஷ்ஷும் ஆசைப்பட்டார்கள். கூப்பர் அதை வணிகமாக்க முனைந்தார். மரத்தில் பால் சுரக்கும் பருவம் சில வாரங்கள்தான்; அதுவும் இரவுக் குளிரையும் பகல் வெயிலையும் நம்பி இருப்பது. உழவர் வீட்டுத் தேவைக்குக் காய்ச்சினார்கள். கப்பல் நிறையும் அளவுக்குச் சர்க்கரை வரவில்லை. திட்டம் சில ஆண்டுகளில் படுத்துவிட்டது. இந்தக் கதையின் மறுபாதி ஃபிலடெல்ஃபியாவில் இருக்கிறது. ட்ரிங்கரின் மனைவி எலிசபெத் 1758 முதல் 1807 வரை எழுதிய நாட்குறிப்பு அச்சில் கிடைக்கிறது. முதலீட்டாளரின் தாள்களோடு அவருக்குக் கடன் கொடுத்தவர் வீட்டுத் தாள்களையும் சேர்த்துப் படிப்பதை ஒரு பழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வில்லங்கத்துக்கு வருகிறேன். கூப்பர் ஏலத்தில் எடுத்த நிலம் அதற்குமுன் யாருடையது? காகிதப்படி ஜார்ஜ் குரோகனுடையது. அயர்லாந்தில் பிறந்து, பூர்வகுடிகளோடு வணிகம் செய்து, பிரிட்டிஷ் அரசின் முகவராகவும் இருந்தவர். 1769இல் ஆட்சேகோவில் 1,00,000 ஏக்கருக்கு அரசரின் பட்டயம் பெற்றார். அதை அடகு வைத்து வாங்கிய கடனை அடைக்க முடியாமல் 1782இல் வறுமையில் இறந்தார். ஏலம் செல்லாது என்று அவருடைய வாரிசுகள் தகராறு செய்தார்கள். குரோகனுக்கு மோஹாக் பெண் ஒருவரிடம் பிறந்த மகள் கேத்தரின். மோஹாக் தலைவர் ஜோசப் பிராண்டை மணந்தவர். தாய்வழி உரிமை கொண்ட அந்தச் சமூகத்தில் அவர் பெரும் மதிப்புள்ள குலத்தாய். பட்டயம் பெற்றவரின் மகளே அந்த மண்ணின் பூர்வகுடி. ஏல அறிவிப்பில் அவருக்கு இடமில்லை.

குரோகனுக்கும் முன்னால்? ஹோடனோசோனி என்று தங்களை அழைத்துக்கொள்ளும் ஆறு தேசத்தவரின் வேட்டைக் காடு அது. 1768இல் ஸ்டான்விக்ஸ் கோட்டை உடன்படிக்கை எல்லைக் கோடு வரைந்தது. பத்து ஆண்டுக்குள் அமெரிக்க விடுதலைப் போர் வந்தது. 1779 கோடையில் அமெரிக்கத் தளபதி ஜேம்ஸ் கிளின்டனின் படை ஆட்சேகோ ஏரியின் தென்முனையில், பின்னாளில் கூப்பர்ஸ்டவுன் எழுந்த இடத்தில், முகாமிட்டது. சஸ்குவஹானா ஏரியை விட்டு வெளியேறும் வாயில் அணை கட்டி நீரைத் தேக்கி, ஆகஸ்டில் அதை உடைத்து, பெருகிய வெள்ளத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட படகுகளைத் தெற்கே செலுத்தினார்கள். அங்கே தளபதி சல்லிவனின் படையோடு சேர்ந்து நாற்பதுக்கும் மேற்பட்ட பூர்வகுடி ஊர்களையும் அவற்றின் விளைச்சலையும் எரித்தார்கள். ஏழே ஆண்டுக்குப் பின் கூப்பர் விற்ற 40,000 ஏக்கர் ‘வெற்றுக் காடாக’ இருந்ததற்குக் காரணம் இந்தப் போர். கூப்பரின் தாள்களில் இதைத் தேடினால் கிடைக்காது. கிடைக்காததை எழுதாமல் விட்டால், அந்த மௌனத்தில் நீங்களும் கையெழுத்துப் போட்டவர்கள் ஆவீர்கள்.

வீட்டுக்குள் வாருங்கள். 1790இல் பர்லிங்டனை விட்டுக் காட்டுக்கு வரக் கூப்பரின் மனைவி எலிசபெத் மறுத்தாராம். நாற்காலியை விட்டு எழவே இல்லையாம். கூப்பர் நாற்காலியோடு தூக்கி வண்டியில் வைத்தாராம். குடும்பத்தில் வழிவழியாக வந்த கதை இது, சிரித்துக்கொண்டே சொல்லப்படுவது. இதைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ஒரு பெண்ணின் விருப்பமின்மையைக் குடும்பம் எந்த வடிவத்தில் நினைவு வைத்தது என்பதற்கு இது சான்று. நிலப் பத்திரங்களிலும் பெண்களின் தடம் உண்டு. நியூயார்க் சட்டப்படி கணவர் நிலத்தை விற்கும்போது மனைவிக்கும் அதில் விதவை உரிமை இருந்தது. கணவருக்குப் பின் மூன்றில் ஒரு பங்கை ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை. அதை விட்டுக்கொடுக்க அவர் கையெழுத்திட வேண்டும். கணவர் இல்லாத இடத்தில் தனியே விசாரித்து, அச்சமோ கட்டாயமோ இன்றி ஒப்பினார் என்று நீதிபதி சான்றெழுத வேண்டும். பத்திரத்தின் கடைசியில் வரும் இந்தச் சில வரிகளை எல்லோரும் சடங்கு என்று தாண்டிப் போகிறார்கள். அங்கேதான் எழுதத் தெரியாத பெண்ணொருத்தி பெருக்கல் குறி இட்டிருப்பாள். தன் பெயரை மட்டும் எழுதக் கற்றவள் நடுங்கும் கையால் அதை எழுதியிருப்பாள். தயவுசெய்து அங்கே நில்லுங்கள்.

1816இல் ஜார்ஜ் ஃப்ரீமன் தீட்டிய நீர்வண்ண ஓவியம் ஒன்று கூப்பர்ஸ்டவுனிலுள்ள ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கூப்பர் குடும்பத்தின் ஆட்சேகோ ஹால் மாளிகையின் பெருங்கூடத்தில், தொட்டிச் செடிகளுக்கு நடுவே, முதிய எலிசபெத் அமர்ந்திருக்கிறார். ஓரத்தில் கறுப்பினப் பணியாளர் ஜோசப் ஸ்டூவர்ட் நிற்கிறார். நியூயார்க்கில் அடிமைமுறை 1827 வரை முற்றாக ஒழியவில்லை. மேப்பிள் சர்க்கரையால் அடிமைமுறையை எதிர்க்க நினைத்த வட்டத்தில் பழகிய குடும்பத்தின் கதையை எழுதும்போது, அந்த ஓவியத்தின் ஓரத்தில் நிற்பவரையும் எழுத வேண்டும்.

கூப்பர் இறந்தபோது காகிதத்தில் பெருஞ்செல்வம். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 50,000 டாலர் மதிப்புள்ள பங்கு என்று கணக்கு. ஆனால் அது நிலமும் வராக்கடனுமாக இருந்தது. மேற்கே நல்ல நிலம் திறந்ததும் ஆட்சேகோ விலை சரிந்தது, பழைய கடன்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள், மகன்கள் செலவாளிகள். 1813க்கும் 1819க்கும் இடையில் ஜேம்ஸின் நான்கு அண்ணன்மாரும் அடுத்தடுத்து இறந்தார்கள். சொத்து ஷெரீஃப் ஏலத்துக்குப் போயிற்று. ஏலத்தில் தொடங்கிய செல்வம் ஏலத்திலேயே முடிந்தது. மீந்த கடனோடு நின்ற ஜேம்ஸ் பேனா எடுத்தார். 1823இல் வந்த ‘த பயனியர்ஸ்’ நாவலின் நீதிபதி டெம்பிளில் தந்தையின் சாயல் தெரிகிறது. கடன் தாள்கள் சொல்லாத அமைதியான முடிவை அந்த நாவல் நிலத்துக்குக் கொடுக்கிறது: பழைய உரிமையாளரின் வாரிசும் புதிய உரிமையாளரின் மகளும் மணந்துகொள்கிறார்கள், வில்லங்கம் தீர்கிறது. வாழ்க்கையில் அது தீரவில்லை என்பதற்குத் தாள்களே சாட்சி.

பிந்திய சண்டையும் ஒரு தாளைச் சுற்றித்தான். ஏரிக்கரையில் ‘த்ரீ மைல் பாயின்ட்’ என்ற இடத்தில் ஊர்மக்கள் பல்லாண்டுகளாகக் கூடி உண்டு களித்தார்கள். நீதிபதி அதை ஊருக்கே விட்டுவிட்டார் என்று நம்பினார்கள். உயில் அப்படிச் சொல்லவில்லை. 1850 வரை வாரிசுகளுக்குப் பொது. பிறகு அவர் பெயர் தாங்கிய இளையவருக்கு. ஐரோப்பாவிலிருந்து திரும்பி மாளிகையை மீட்டு வாங்கிய ஜேம்ஸ், 1837இல் அத்துமீறி நுழையக் கூடாது என்று அறிவித்தார். ஊர் கொதித்தது, பத்திரிகைகள் ஏசின, அவர் அவதூறு வழக்குகளாகத் தொடுத்தார். சட்டம் அவர் பக்கம். ஆனால் ஒரு தலைமுறையாக மக்கள் அனுபவித்த பாத்தியதை எந்தத் தாளிலும் ஏறவில்லை. இரண்டையும் எடை போட வேண்டியது உங்கள் வேலை.

கடைசியாக, அந்தத் தாள்கள் இன்று இருக்கும் இடத்தையே பாருங்கள். ஜான் கிறிஸ்டோஃபர் ஹார்ட்விக் ஒரு லூத்தரன் போதகர். ஆட்சேகோவில் அவருக்கும் பெரும் பட்டயம் இருந்தது. பக்தியுள்ள லூத்தரன்கள் மட்டும் வாழும் ஊர் ஒன்றை அங்கே அமைப்பது அவர் வாழ்நாள் கனவு. 1791இல் கூப்பரை முகவராக்கினார். கூப்பரோ மதம் பாராமல் வந்தவர்க்கெல்லாம் விற்றார். கனவு கலைந்து 1796இல் போதகர் இறந்தார். அவர் உயில்படி தோன்றிய கல்விச்சாலையின் வழிவந்ததுதான் இன்றைய ஹார்ட்விக் கல்லூரி. முகவரின் தாள்களை முதலாளியின் பெயர் தாங்கிய நிறுவனமே காத்து வருகிறது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். முதலீட்டாளரின் கடிதத்தைப் படித்தால், மாவட்ட எழுத்தர் அலுவலகத்தில் பதிவான பத்திர நகலையும் படியுங்கள். கூப்பர் அரசியல் எதிரியின் அடியால் இறந்தார் என்று பிற்காலத்தில் குடும்பத்திலிருந்தே கிளம்பிய கதையை டெய்லர் சமகாலச் சான்றுகளோடு ஒப்பிட்டுத்தான் தள்ளினார். அந்தப் பொறுமை உங்களுக்கும் வேண்டும். உடன்படிக்கைகளையும் படைவீரர் நாட்குறிப்புகளையும் அதே மேசைக்குக் கொண்டுவாருங்கள். ஹோடனோசோனி அறிஞர்கள் தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுதுகிறார்கள். அவர்களைப் படிக்காமல் ‘குடியேற்றம்’ என்ற தலைப்பில் ஒரு வரியும் எழுதாதீர்கள். பேரேட்டில் தவணை கட்டியவர்களின் பட்டியலை எடுங்கள். எத்தனை பேர் முழுக் கடனையும் அடைத்து நிலத்தை மீட்டார்கள், எத்தனை பேர் சீர்திருத்திய நிலத்தை விட்டுவிட்டு மேற்கே போனார்கள் என்று எண்ணுங்கள். ஊரை நிறுவியவர் பெயர் ஊரின் பெயரிலேயே இருக்கிறது. அதற்கு உங்கள் உதவி தேவையில்லை. சாம்பல் சுமந்து வட்டி கட்டியவர்களின் பெயர்களை அடிக்குறிப்புக்குத் தள்ளாமல், ஆய்வேட்டின் முதல் இயலிலேயே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் நலம் நாடும் வரலாற்று ஆசிரியர்